ஒண்டிக்கடையில் ஓடாத குதிரை

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மற்றவர்களுக்காக நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்கள்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். எழுதிப் பழகியவர்கள் எழுதும் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி வந்து உட்கார்ந்து, அதுவும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்காவது நீளமாகப் போனால், எனக்குச் சுருக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில், பஸ் திரும்புவதற்குக் கொஞ்சம் மேலே எங்கள் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. என் வீட்டுக்காரர் ஆரம்பித்தபோது அது பிரவுசிங் சென்டர். மரப்பலகைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர், வாசலில் கழற்றிவிட்ட செருப்புக் குவியல். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு செருப்புகள் குறைந்தன. அவர் ஒரு காட்டேஜில் மேனேஜர் வேலைக்குப் போனார். நான் கடையில் மிஞ்சினேன். தடுப்புகளில் இரண்டு மிஞ்சின.

செருப்புக் குவியல் இருந்த நாட்களில் இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே விளையாட்டைத்தான் ஆடினார்கள். உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் உள்ளே வருவார்கள். ஆளுக்கு ஒரு பொம்மை உருவம். வாள் பிடிக்கலாம், மந்திரம் போடலாம், சந்தையில் கடை விரிக்கலாம். யாருக்கும் யார் முகமும் தெரியாது. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்த நேரங்களில் நானும் கற்றுக்கொண்டேன். நேரில் ஒரு வார்த்தை பேசத் தயங்குகிறவள் அங்கே சந்தை நடுவில் நின்று பேரம் பேசினேன்.

சில வருஷங்களில் விளையாட்டின் கம்பெனி, நம் நாட்டு ஆட்களுக்காக அதை நடத்திவந்த சர்வர் என்னும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டது. பழைய விளையாட்டு, ஆள் குறைந்துவிட்டது, நஷ்டம் போல. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இப்படி மூடப்பட்ட விளையாட்டுகளை வெளிநாடுகளில் சில பேர் தாங்களே திரும்பக் கட்டி, தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து நடத்துகிறார்கள். கட்டியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டும் வைக்கிறார்கள். கம்பெனியின் அனுமதியோடு நடப்பதல்ல. நாளைக்கே நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான். இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நாங்கள் பெரிய கூட்டமும் இல்லை.

அப்படி எடுத்த ஒன்றைத்தான் எங்கள் கடையின் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பல மாதம் பிடித்தது. புரோகிராம் எழுத நான் எங்கும் படித்ததில்லை. எந்த வரியை மாற்றினால் எது கெடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றேன். வரிகளுக்கு நடுவே, கட்டியவர்கள் தங்களுக்காக எழுதிவைத்த குறிப்புகள் கொரிய மொழியில் இருக்கும், போர்த்துகீசிய மொழியில் இருக்கும். ஒன்றை மொழிபெயர்த்துப் பார்த்தேன். "இதைத் தொடாதே" என்று வந்தது. ஏன் தொடக்கூடாது என்று எழுதவில்லை.

இங்கத்துப் பனியும் அந்த மெஷினுக்கு ஆகாது. மெமரி பலகையின் பற்கள் ஈரத்தில் மங்கிப்போய், ஒருநாள் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. கழற்றி, பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகினால் எழுந்துகொள்ளும். அதனால் கடையில் விற்கும் ரப்பரில் ஒன்று எப்போதும் எனக்கு.

செருப்புக் குவியலில் இருந்தவர்கள் இப்போது பெங்களூரிலும் கோயமுத்தூரிலும் மஸ்கட்டிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பிள்ளை குட்டிகள் ஆகிவிட்டன. ஒருவருக்கு ஒருவர் சொல்லி, சிலர் திரும்ப வந்தார்கள். விளையாட்டை மேற்பார்வை பார்ப்பவரை ஜி.எம். என்பார்கள். ஜி.எம். யாரென்று அவர்களுக்குத் தெரியாது. "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். முதல் நாளே திருத்தியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. அப்படியே அண்ணாவாகிவிட்டேன்.

எங்கள் சர்வரில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும். இடி இங்கே தலைக்கு மேல் இடிப்பதில்லை, பக்கத்தில் இடிக்கும். மலையில் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், நானும் பிடுங்க வேண்டும். திடீரென்று பிடுங்கினால் ஆடுபவர்கள் சேர்த்ததெல்லாம் பாதியில் போய்விடும். அதனால் வானம் கறுத்தவுடன் "மேகம் வருது" என்று ஒரு வரி அறிவிப்பேன். எங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு எல்லாரும் விளையாட்டில் இருக்கும் ஊரின் சந்தைக்கு வந்து தரையில் உட்காருவார்கள். உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். கடைசி ஆள் போனதும் நான் பிளக்கைப் பிடுங்குவேன். மழையே பார்க்காத மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர், "அண்ணா, இன்னிக்கு மேகம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்.

செம்மநத்தத்திலிருந்து வரும் டிரைவர் அண்ணன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் தனியார் பஸ் ஓட்டினவர். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பினார். கால் இழுத்து நடப்பார், பேச்சு மெதுவாக வரும், வலது கை பாதி தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அவரை அவர் மனைவி என் கடைக்கு அழைத்து வந்தார். அந்த அக்காவுக்குக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை.

வேலை முடிந்தும் திரும்பிப் போக பஸ் இல்லை. அக்கா என்னிடம், "அம்மணி, இவரு செத்த நேரம் இங்கயே இருக்கட்டும். நான் மாத்திர வாங்கிட்டு வந்தர்றேன். பாத்துக்க சாமி. பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மலைப்பாதையில் என் ஆள் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங் அம்மணி, யாரு இத ஓட்டறது?"

"நாமதானுங்ண்ணா. எங்க அமுத்தறமோ அங்க போகும்."

"வளைவுல இவ்வளவு வேகமா போறீங்களே."

அடுத்த தடுப்பில் அவருக்கு ஒரு ஆளை உருவாக்கிக் கொடுத்தேன். இடது கையால்தான் ஆரம்பித்தார். மருத்துவமனையில் வலது கைக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்களாம். அதைத் தொடவே மாட்டார் என்று அக்கா பிறகு சொன்னார். மூன்றாம் முறை வந்தபோது மவுஸை வலது பக்கம் மாற்றி வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், அக்கா டவுனுக்கு வரும்போதெல்லாம், போக பஸ் வரும்வரை எங்கள் கடையில்தான்.

எந்த வேலைக்கு ஆளைச் சேர்ப்பது என்று ஒரு கட்டத்தில் விளையாட்டு கேட்கும். வில்லாளி, வைத்தியர், வணிகர் என்று படங்கள் வரும். ஒரு படத்தில் வீரன் குதிரை மேல் உட்கார்ந்திருப்பான். அண்ணன் அதைக் காட்டினார்.

"இந்த வண்டி எப்பக் குடுப்பீங்க?"

"அம்பதாவது லெவல் வந்தா லாயத்துல போயி வாங்கிக்கலாமுங்ண்ணா. ஆனா நம்ம சர்வர்ல குதிரை ஓடாதுங்க."

"ஏனுங்க?"

"ரிப்பேருங்க. ஏறுனா வெளையாட்டே மூடிக்கும். அதனாலதான் யாருமே வீரன் எடுக்க மாட்டாங்க."

"ஷெட்டுல நிக்குதுன்னு சொல்லுங்க."

"ஆமாங்க."

"நான் அம்பது வர்றதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"நீங்க வர்ற கணக்குக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆகுமுங்க."

"ஒரு வருசமா!" என்று சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வரும். "இஞ்சின எறக்கி ஏத்தவே ரெண்டு நாளுதான் அம்மணி. நான் வர்றதுக்குள்ள சரி பண்ணிருவீங்க."

வீரனையே எடுத்தார்.

அன்றிலிருந்து கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது, "வண்டி எப்படி இருக்குதுங்க?"

"இன்னும் ஷெட்டுலதானுங்ண்ணா."

"சத்தம் ஏதாச்சும் வருதா?"

"சத்தமே இல்லீங்க. ஏறுன ஒடனே மூடிக்குது."

"அப்ப ஒயரிங்தான். பாருங்க."

பஸ் முதலாளி அவருக்குச் சொல்லியிருந்ததை அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். உடம்பு தேறட்டும், வண்டி உங்களுக்குத்தான் என்றாராம். போனில் கேட்கும்போதெல்லாம் அதேதானாம். வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருப்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். அந்த பஸ் தினமும் எங்கள் கடையைத் தாண்டித்தான் போகிறது. அது தாண்டும்போது அண்ணன் திரையை விட்டுத் தலையைத் திருப்ப மாட்டார். ஆனால் கை நின்றுவிடும். அவருடைய ஆள் காட்டு நடுவே சும்மா நிற்கும், ஏதாவது ஒன்று வந்து கடிக்கும்.

"அண்ணா, கடிக்குதுங்க" என்பேன்.

"கடிக்கட்டும், கடிக்கட்டும். பிரேக் புடிச்சிருக்கறன்" என்பார்.

விளையாட்டிலும் அவர் மலைரோட்டு டிரைவர்தான். அங்கே ஒரு குறுகலான மலைப்பாதை உண்டு. ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போகலாம், இடிக்காது. ஆனாலும் எதிரே யாராவது ஏறி வந்தால் இவர் ஓரமாக நின்றுவிடுவார். ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும், அதுதான் மலையில் முறை. முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்கள். "என்ன தாத்தா, டயர் பஞ்சரா?" என்று மலேசியாக்காரர் கேட்டார். அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். "ஏறுங்க. பின்னாடி லோடு லாரி வருது." கொஞ்ச நாளில் எல்லாருமே அந்தப் பாதையில் ஓரமாக நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் குதிரை அப்படியே நின்றது.

என்ன கோளாறு என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். இந்த விளையாட்டு இரண்டு பாதி. ஒரு பாதி சர்வரில், என்னிடம். இன்னொரு பாதி ஆடுபவர்களின் கம்ப்யூட்டரில். இரண்டும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். என்னிடம் இருக்கும் பாதி கொஞ்சம் புதியது. அவர்களிடம் இருப்பது பழையது. 'நீ குதிரை ஏறிவிட்டாய்' என்று என் பாதி சொல்லும் செய்தி, அந்தப் பழைய பாதி எதிர்பார்ப்பதைவிட நீளம். அது மிரண்டுபோய் மூடிக்கொள்கிறது. மற்ற பாதியைப் புதிதாக மாற்றினால் ஆகுமே என்று கேட்பீர்கள். புதியது எங்கும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பேசும் இணையக் குழுக்களில் தேடினேன். எல்லாம் பாழடைந்த இடங்கள். பத்து வருஷத்துக்கு முன் யாரோ கேட்ட கேள்விக்கு அடியில் யாரோ கொடுத்த சுட்டி, தொட்டால் வெறும் பக்கம். ஒருவர் என் கோளாறையே வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்கு அடியில், அடுத்த வாரமே அவர் எழுதியிருந்த பதில், "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியாயிற்று என்று எழுதவில்லை. அவருக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் கடிதம் போட்டேன். அவர் அந்தப் பக்கம் வந்தே பல வருஷமாகிவிட்டது என்று அங்கேயே போட்டிருந்தது, நான் பிறகுதான் கவனித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கடைக்கு வந்தவர், நான் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "ஜெராக்ஸ்ல கோடு கோடா வருதுன்னு ஊரே சொல்லுது. குதிரைக்குக் கொள்ளு வாங்கிட்டு வரட்டுமா, டோனர் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்.

"ரெண்டும் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

அண்ணன் நாற்பதைத் தாண்டினார். நாற்பத்தைந்தைத் தாண்டினார். அவர் லெவல் ஏற ஏற நான் ராத்திரியிலும் அந்த வரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் நினைத்தால் அவருடைய வளர்ச்சியைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், ஒரு எண்ணை மாற்றினால் போதும். வலது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு நெற்றி வேர்க்க உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் அதைச் செய்ய மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது போல இருந்தது. வேறொருவர் கட்டிய சர்வரில் அந்தச் செய்தி குட்டையாக இருந்தது. அதை எடுத்து இதில் ஒட்டினேன். என் ஜி.எம். ஆளை லாயத்துக்குக் கொண்டுபோய் ஏற்றினேன். மூடவில்லை! அது மட்டுமல்ல, ஆள் பறக்கிற மாதிரி ஓடியது. சந்தையை மூன்று தரம் சுற்றினேன். கடையில் நின்றிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.

அடுத்த முறை அண்ணன் வந்து கேட்பதற்கு முன் நானே சொன்னேன். "வண்டி ரெடிங்ண்ணா."

அவர் உடனே சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"ட்ரையல் பாத்தீங்களா?"

"நானே ஓட்டிப் பாத்துட்டனுங்க."

"லோடு ஏத்திப் பாத்தீங்களா?"

"குதிரைக்கு என்னங்ண்ணா லோடு!"

இப்போதுதான் சிரித்தார்.

ஐம்பது வந்த நாள் ஒரு வைகாசி மத்தியானம். முந்தைய முறையே இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று தெரிந்ததால், மற்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். மலேசியாக்காரர் லீவு போட்டிருந்தார். ஐம்பது வந்ததும் சந்தையில் எல்லாரும் கூடி, லாயத்திலிருந்து வடக்கு வாசல் வரை இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டு நின்றார்கள். மலைப்பாதையில் நிற்கிற மாதிரியே. அண்ணனின் ஆள் லாயக்காரனிடம் போய்க் கடிவாளம் வாங்கிக்கொண்டது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கிளியூர் அருவிப் பக்கம் மேகம் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. நான் "மேகம் வருது" என்று அறிவித்தேன். ஒருவரும் தரையில் உட்காரவில்லை.

"அண்ணா, அஞ்சு நிமிஷம். தாத்தா ஒரு ரவுண்டு போகட்டும்" என்று மஸ்கட்காரர் எழுதினார்.

"நாளைக்கு வெச்சுக்கலாமுங்களா?" என்று டிரைவர் அண்ணனைக் கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி ஒரு சிங்கிள் ட்ரிப் அடிச்சரலாம்" என்றார்.

அக்காவும் பையோடு பின்னால் வந்து நின்றுகொண்டார். "பாத்துங்க. பள்ளத்துல உட்டுராதீங்க."

அண்ணன் வலது கையை வேட்டியில் துடைத்து, மவுஸைப் பிடித்து, அமுக்கினார்.

அவர் திரை மூடிக்கொண்டது. சந்தை இல்லை, ஆட்கள் இல்லை. கம்ப்யூட்டரின் முகப்பில் நான் போட்டு வைத்திருந்த ஒரு ரோஜாப்பூப் படம் மட்டும் இருந்தது.

என் திரையில் அவர் குதிரை மேல் இருந்தார். செம்மண் நிறக் குதிரை, நெற்றியில் வெள்ளை. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். "தாத்தா!" "வந்துட்டாரு பாரு!" "ஹாரன் அடிங்க!" ஏறிய செய்தி மற்றவர்களுக்குச் சரியாகப் போயிருந்தது. அவர் ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போன செய்திதான் இன்னும் பழையபடி நீளமாக இருந்திருக்கிறது.

"அண்ணா, இங்க வாங்க, இங்க இருக்குதுங்க!" என்று கத்தினேன்.

அவர் எழப் பார்த்தார். தடி விழுந்தது. அக்கா கையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு தடுப்புக்கும் நடுவில் ஒரு பலகைதான், அதைச் சுற்றி வரவேண்டும். இணைப்பு அறுந்த ஆளைச் சர்வர் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும், பிறகு எடுத்துவிடும். அவர் காலை இழுத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தபோது சந்தை நடுவில் வெறும் தரை.

"எங்கீங்க?"

"இப்பத்தான் இருந்துச்சுங்க."

அதற்குள் பக்கத்திலேயே இடித்துவிட்டது. கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரையும் உட்காரச் சொல்லி, அவர்கள் வெளியேறியதும் பிளக்கைப் பிடுங்கினேன். கடை இருட்டாயிற்று. மழைச் சத்தம் காதை அடைத்தது. கீழே கிடந்த தடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

நான் எங்கே ஏமாந்தேன் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. ஜி.எம். ஆளுக்கு எப்போதும் ஒரு வெள்ளை அங்கி உண்டு. எதில் ஏறினாலும் எது உடுத்தினாலும் அந்த அங்கிதான் தெரியும்படி விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். அதனால் குதிரை ஏறிய அந்தச் செய்தியே என் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. வேகம் மட்டும் கூடியது. நான் சந்தையை மூன்று தரம் சுற்றியது நடந்துதான்.

அடுத்த முறை அண்ணன் வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்ததும் திரை மூடிக்கொண்டது. மறுபடி அடித்தார். மறுபடி மூடிக்கொண்டது. கடைசியாக வெளியேறும்போது குதிரை மேல் இருந்ததாகச் சர்வரில் பதிவாகிவிட்டது. இனி எப்போது உள்ளே வந்தாலும் குதிரை மேல்தான் வருவார். வந்தவுடன் மூடிக்கொள்ளும். பதிவில் அவர் பெயருக்கு நேரே ஒரு ஒன்று இருந்தது. அதைச் சைபர் ஆக்கினால் இறங்கிவிடுவார். ஆயிரம் வாள் கொடுக்கவும் ஒரே நொடியில் தொண்ணூறாவது லெவலுக்கு ஏற்றவும் எனக்கு அதிகாரம் உண்டு. குதிரை விஷயத்தில் என்னால் முடிந்தது அந்த ஒன்றைச் சைபர் ஆக்குவது மட்டும்தான்.

ஆக்கினேன். நடந்து உள்ளே வந்தார்.

அப்புறம் இரண்டு மாதம் இதேதான். நான் ஏதோ ஒன்றை மாற்றுவேன். அவர் ஏறுவார். மூடிக்கொள்ளும். நான் இறக்கிவிடுவேன். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் அவரைக் குதிரை மேல் பார்த்தார்கள். அவர் ஒருமுறையும் பார்க்கவில்லை. மலேசியாக்காரர் அதைப் படமாகப் பிடித்து அனுப்பியிருந்தார். கலர் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல வண்டிதான்" என்றார். "நிக்கற வண்டியோட போட்டோவ வெச்சு என்னங்க பண்றது." மடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அண்ணன் கடைசியாக விளையாட வந்த நாளன்று வெயில் நன்றாக இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. வழக்கம்போல, "வண்டி எப்படி இருக்குதுங்க?" என்றார். முந்தைய முறை ஏறி மூடிக்கொண்டதை நான் இன்னும் இறக்கிவிடவில்லை. இன்னும் ஒரு யோசனை இருந்தது, அதைச் செய்து பார்த்துவிட்டு இறக்கலாம் என்று வைத்திருந்தேன். அந்த யோசனையும் காலையிலேயே பொய்த்துவிட்டது.

"அண்ணா, எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எல்லாம் பாத்துட்டனுங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க. வில்லாளியா மாத்தித் தரட்டுங்களா? லெவல் கொறையாம மாத்திக் குடுக்கலாம். குதிரை வேகத்துல நடக்கற மாதிரியும் பண்ணித் தரலாம்."

மவுஸின் மேல் வலது கை அப்படியே இருந்தது.

"அப்ப இது இனி ஓடாது."

"ஓடாதுங்ண்ணா."

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாக, "அந்த மொதலாளியும் இப்படி வாய் தொறந்து சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன், "செரி. எறக்கி உட்ருங்க" என்றார்.

பதிவைத் திறந்தேன். அவர் பக்கவாட்டில் சாய்ந்து என் திரையைப் பார்த்தார். ஒன்று இருந்த இடத்தில் சைபர் போட்டேன். "எறக்கியாச்சுங்க" என்றேன்.

"நல்லதுங்க."

அவர் விளையாட்டுக்குள்ளே போகவில்லை. நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். நான் ஒரு லேமினேஷனைச் சூடு பண்ணி முடித்தேன். வேலை இருக்கிறவள் மாதிரி பேப்பர்களை அடுக்கினேன். அவர் ஓட்டின பஸ் மேலே ஏறிப் போனது. அன்றைக்கு அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், வளைவு மறைக்கும்வரை பார்த்தார். செம்மநத்தம் பஸ் வந்தது. அக்கா பையையும் தடியையும் எடுத்துக்கொண்டார்.

"வர்றனுங் அம்மணி" என்றார் அண்ணன்.

"வாங்கண்ணா."

மறுநாள் காலை சர்வரை ஏற்றியதும், குதிரை இனி கிடையாது என்று ஒரு வரி அறிவித்தேன். லாயக்காரனைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க இரண்டு குடும்பம் வந்தது. மத்தியானம் கரண்ட் போய்ச் சாயங்காலம் வந்தது.